கொல்லையிலே முளைத்த கூடை

முருங்கைப் போத்து நட்டுப் பழக்கமுண்டா உங்களுக்கு? இரண்டு முழம் கிளையை வெட்டி, தலைப்பில் ஒரு சாணி உருண்டையை அப்பி, மண்ணில் ஊன்றிவிட்டு நம் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். சில நாள் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பச்சைப் பசேலென்று துளிர்த்துக்கொண்டு நிற்கும். "செத்த குச்சி என்றல்லவா நினைத்தோம்!" என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

குணத்தில் முருங்கைக்கு ஒத்த ஒரு சகோதரி சீமையிலே இருக்கிறாள். அவள் பெயர் வில்லோ. "கிரிக்கெட் மட்டை செய்கிற மரம்தானே?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை உடனே கேட்பான். சரிதான். ஆனால் மட்டைக்கு ஆகிற வில்லோ வேறு, நான் சொல்ல வந்த வில்லோ வேறு. அந்த வம்சத்தில் நூற்றுக்கணக்கான ஜாதிகள் உண்டு. படங்களில் ஆற்றங்கரையோரம் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு அழுகிற மாதிரி நிற்குமே, அது ஒன்று. நம் மலையோர ஓடைக்கரைகளில் ஆற்றுப்பாலை என்ற பெயரில் வளர்கிறதே, அதுவும் அந்த வம்சம்தான்.

கூடைக்கு ஆகிற ஜாதியை மட்டும் மரமாக வளரவே விடுவதில்லை. வருஷா வருஷம் குளிர்காலத்தில், இலை உதிர்ந்த பிறகு, தரையை ஒட்டி அறுத்துவிடுகிறார்கள். அதற்காக அது கோபித்துக்கொள்வதில்லை. வசந்தம் வந்ததும் வெட்டிய கட்டையிலிருந்து கொத்தாகத் தளிர் கிளம்புகிறது. அடுத்த குளிர்காலத்துக்குள் ஒவ்வொன்றும் ஆறடி, எட்டடி உயரத்துக்குக் கிளையில்லாத விளாராக எழும்பிவிடுகிறது. மறுபடி வெட்டு, மறுபடி துளிர். இப்படி இருபது, இருபத்தைந்து வருஷம்! விளார் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. புளியம் விளாரை நம்மில் பலர் சின்ன வயதில் முதுகாலேயே தெரிந்துகொண்டிருக்கிறோம்.

அந்த விளாரைத் தங்கள் கொல்லையிலேயே பயிராக்கி, அவரைக் கொடி ஏற ஒரு கோபுரம், பாத்திக்கு ஓரமாக ஒரு படல், குருவிக்குத் தீனி வைக்க ஒரு கூண்டு என்று தோட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் தங்கள் கையாலேயே முடைந்துகொள்கிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெண்களே அதிகம். அவர்களைப் பார்ப்பதற்காகத்தான் ஸாமர்ஸெட் ஜில்லாவுக்குப் போனேன். நீங்களும் வாருங்கள். கம்பளிச் சட்டையை மட்டும் மறந்துவிடாதீர்கள். இது பிப்ரவரி மாதம்.

லண்டனில் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் டான்டன் என்ற ஊருக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கிழக்கே பார்த்துப் போகப் போக, பூமி தாம்பாளம் மாதிரி தட்டையாகிவிடுகிறது. மேடு என்ற பேச்சே இல்லை. எப்போதாவது பட்டாணி உருண்டை மாதிரி ஒரு குன்று, அதன் உச்சியில் இடிந்த ஒரு கோயில், அவ்வளவுதான். இந்தச் சமவெளிக்கு 'ஸாமர்ஸெட் லெவல்ஸ்' என்று பெயர். ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பு நிலம். பெருக்கின்போது கடல் நீர் ஏறுகிற மட்டத்தைவிடத் தாழ்வான இடங்கள் இங்கே உண்டு. பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி, வெட்டி, நீரை வடித்து நிலமாக்கியிருக்கிறார்கள். அந்த வாய்க்காலுக்கு 'ரைன்' என்று எழுதி 'ரீன்' என்று வாசிக்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களின் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

வடித்தாலும் தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை. 2013–14 குளிர்காலத்தில் பெய்த மழையில் இந்தப் பிரதேசம் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. மச்செல்னி என்ற கிராமத்துக்குப் படகில்தான் போய்வர முடிந்தது. மச்செல்னி என்ற பெயருக்கே 'பெரிய தீவு' என்றுதான் அர்த்தமாம். முன்னோர்கள் தெரியாமலா பெயர் வைத்தார்கள்!

பக்கத்தில் அதெல்னி என்று இன்னொரு பழைய தீவு. 878-ம் ஆண்டில் டேனியர்களுக்குத் தப்பி ஆல்ஃபிரட் அரசர் ஒளிந்திருந்தது அங்கேதான். மாறுவேஷத்தில் ஒரு குடிசையில் தங்கியிருந்தார். "அடுப்பில் ரொட்டி வேகிறது, பார்த்துக்கொள்" என்று குடிசைக்காரி சொல்லிவிட்டுப் போனாள். அவர் ராஜ்ய யோசனையில் ஆழ்ந்து ரொட்டியைக் கருக விட்டுவிட்டார். அவள் ராஜா என்று தெரியாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிற்காலத்தில் கட்டிய கதை என்கிறார்கள். இருக்கட்டும். பால் பொங்குகிறபோது பத்திரிகையில் மூழ்கியிருக்கிற ஆண்பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் நம்பக்கூடிய கதைதான்.

மற்ற பயிர்கள் இந்த நீரில் அழுகிப்போகும். குளிர்காலத்தில் நீரில் நின்றாலும் வில்லோவுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் இங்கிலாந்தில் கூடைக்கான வில்லோ விளைகிற தலைமை இடமாக இது ஆயிற்று. மூட்டை, பெட்டி எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரு காலத்தில் கூடைகளே இருந்தன. மீனுக்கு ஒரு கூடை, ஆப்பிளுக்கு ஒரு கூடை, சலவைக்கு ஒரு கூடை, தொட்டில் ஒரு கூடை. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிச் சாமான் போடக்கூட வில்லோக் கூடையைத்தான் உபயோகித்தார்கள். விழுந்தால் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. இன்றைக்கும் ஆகாய பலூனில் ஆட்கள் ஏறி நிற்கிற கூடையை முடைய வில்லோ வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. அட்டைப் பெட்டி வந்தது. வில்லோ வயல்கள் ஒவ்வொன்றாகப் புல்தரையாயின. ஸ்டோக் ஸெயின்ட் கிரெகரி என்ற கிராமத்தில் 1819 முதல் இதே தொழிலைச் செய்துவரும் ஒரு குடும்பம், விளாரைக் கரியாக்கிச் சித்திரக்காரர்களுக்கு விற்கவும் கற்றுக்கொண்டது. உங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படம் வரைகிற கரிக்குச்சி ஒருவேளை இந்தச் சேற்றில் முளைத்ததாக இருக்கலாம்.

நான் போன வீடு ஒரு ரீன் கரையில் இருந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபதை நெருங்குகிற வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொல்லையில் மூன்று சென்ட் இருக்கும், அவருடைய வில்லோப் பாத்தி. இலை ஒன்றுகூட இல்லை. ஆனால் என்ன நிறம் போங்கள்! ஒரு வரிசை ஆரஞ்சு, ஒரு வரிசை மஞ்சள், ஒன்று கருநீலம், ஒன்று பாசிப்பச்சை. சாம்பல் பூத்த அந்த வானத்தின் கீழே யாரோ நூல் சாயம் போட்டு உலர்த்தியிருக்கிற மாதிரி இருந்தது. காய்ந்தால் இந்த நிறங்களெல்லாம் பெரும்பாலும் மங்கிப் பழுப்பில் போய் நிற்கும் என்பதுதான் வருத்தம்.

"இங்கே இதற்கு வில்லோ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'விதி' என்றுதான் சொல்வோம்" என்றார் அந்த அம்மாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கள் பாஷையில் விதி என்றால் தலையெழுத்து என்று அர்த்தம்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என் தாயாரைக் கேட்டிருந்தால், அர்த்தம் மிகவும் சரி என்று சொல்லியிருப்பார்!" என்றார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பயிரிடுகிற விதம். இதைவிடச் சுலபமான விவசாயம் உலகத்தில் இல்லை. போன வருஷம் வளர்ந்த விளாரில், பென்சில் கனத்தில், ஒரு சாண்அளவுக்குச் சற்றுக் கூடுதலாகத் துண்டு போட வேண்டும். மொட்டுகள் மேல் நோக்கி இருக்கிறதா என்று பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி கையால் அழுத்திவிட வேண்டும். தீர்ந்தது வேலை! செடிக்குச் செடி ஒரு அடி, வரிசைக்கு வரிசை இரண்டு அடி. "இவ்வளவு நெருக்கமாகவா?" என்றால், நெருக்கம்தான் ரகசியம். தாராளமாக இடம் கொடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் கிளை விடும். நெருக்கி நட்டால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு நேராக எழும்பும். விளார் நேராக இல்லாவிட்டால் முடைகிறவளுக்குப் பிராணாவஸ்தை.

களை மட்டும் ஆகாது. முதல் இரண்டு வருஷம் களையைக் கட்டுப்படுத்திவிட்டால் பிறகு வில்லோ பார்த்துக்கொள்ளும். முதல் குளிர்காலத்தில் நோஞ்சானாக நாலு குச்சி வந்திருக்கும். இரக்கப்படாமல் தரையோடு வெட்டிவிட வேண்டும். மூன்றாவது வருஷத்திலிருந்து நல்ல மகசூல். ஆனால் ஒரு ஜாக்கிரதை. வில்லோ வேருக்குத் தண்ணீர் இருக்கிற இடம் மோப்பம் தெரியும். சாக்கடைக் குழாய்க்குள்ளேயே புகுந்து அடைத்துவிடும். வீட்டுச் சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் முப்பது அடியாவது தள்ளி நடவேண்டும் என்று அந்த அம்மாள் இரண்டு தரம் சொன்னார்.

வெட்டிய விளாரைத் தரம் பிரிப்பது வேடிக்கையாக இருந்தது. ஒரு பீப்பாய்க்குள் கட்டை அப்படியே நிறுத்தி வைக்கிறார். பக்கத்தில் அடி அடியாகக் கோடு போட்ட ஒரு கம்பு. எட்டடிக்கு மேல் தலை நீட்டுவதையெல்லாம் முதலில் உருவி ஒரு கட்டு, பிறகு ஏழடி, பிறகு ஆறடி. உயர வரிசையில் குழந்தைகளை நிறுத்திப் பழகிய கை அல்லவா!

கூடை முடைய வேண்டுமானால் விளாரை மாதக்கணக்கில் காயப்போட்டு, மறுபடி ஊறப் போட வேண்டும். தோலோடு காய்ந்த விளாருக்குக் கணக்கு, அடிக்கு ஒரு நாள். ஆறடி விளார் ஆறு நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும். அப்புறம் ஈரத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். இட்லி மாவு மாதிரி, ஊறுவதும் பக்குவப்படுவதும் வேறு வேறு காரியம். பச்சை விளாரில் கூடை முடைந்தால் என்ன என்று கேட்கலாம். காயக் காயச் சுருங்கிப் பின்னல் கலகலத்துப்போகும். காசு போட்டால் ஓட்டை வழியாக விழும். ஆனால் அவரைக் கோபுரத்துக்கு அதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? அதனால்தான் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் தோட்டச் சாமானில் ஆரம்பிக்கிறார்கள். வெட்டி இரண்டு, மூன்று வாரமான விளார் போதும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கொட்டகையில் ஒரு நாள் வகுப்பு. எட்டு மாணவர்கள், அதில் ஆறு பேர் பெண்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், முப்பது வயதுக்குள். ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தாயும் மகளும் சேர்ந்து வந்திருந்தார்கள். ஒரு நாளுக்குத் தலைக்கு நூறு பவுண்டு வாக்கில் கட்டணம். சூப்பும் ரொட்டியும் இலவசம். கொட்டகைக்குள் ஒரு வாசனை, மழை பெய்த மறுநாள் வைக்கோல்போரைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி.

பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு பலகையில் வட்டமாக எட்டு ஓட்டை. அதில் ஏழடிக் கனத்த விளார்கள் எட்டை நட்டு, தலையைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இப்போது கூம்பாக ஒரு கோபுரத்தின் எலும்புக்கூடு தயார். இனிப் பின்னல். மெல்லிய விளார் மூன்றை அடுத்தடுத்த மூன்று காலிடையில் செருகிக்கொள்ள வேண்டும். இடது ஓரத்து விளாரை எடுத்து, இரண்டு காலுக்கு முன்னால் விட்டு, ஒரு காலுக்குப் பின்னால் கொண்டுபோய், வெளியே இழுத்து விட வேண்டும். இப்போது எது இடது ஓரமோ அதை எடுத்து மறுபடி அப்படியே. மூன்று கால் சடை பின்னத் தெரிந்த எந்தப் பெண்ணும் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வாள். வித்தியாசம் என்னவென்றால், சடையில் தலை சும்மா இருக்கும், கை போகும். இங்கே சடையே கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது.

விளாருக்கு அடி கனம், நுனி மெல்லிசு. ஒன்று தீர்ந்து அடுத்ததைச் சேர்க்கும்போது நுனிக்கு நுனி, அடிக்கு அடி என்று சேர்க்க வேண்டும். நுனியோடு அடியைச் சேர்த்தால் பின்னல் முண்டும் முடிச்சுமாகிவிடும். சம்பந்தம் பேசுகிறபோது பெரியவர்கள் பார்க்கிற பொருத்தம்தான் இதுவும். இன்னொன்று: வலது கை பின்னினாலும் வேலை முழுவதும் இடது கையிடம் இருக்கிறது. பின்னியதை விடாமல் அமுக்கிக்கொண்டு, கால்களை இடைவெளி மாறாமல் காப்பாற்றுவது அந்தக் கைதான். அது ஒரு கணம் அயர்ந்தால் கோபுரம் சாய்கிறது. வங்கிக்காரரின் கோபுரம் மதியத்துக்குள் பைஸா நகரத்துக் கோபுரமாகிவிட்டது. "கணக்கில் இத்தனை வருஷம் ஒரு பென்னி சாய்ந்ததில்லை" என்று அவர் நொந்துகொண்டார். அந்த அம்மாள் பிரிக்கச் சொல்லவில்லை. "கொடி ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நல்ல உபாத்தியாயினி.

பிளாஸ்டிக் வயர் கூடை பின்னுகிற சகோதரிகள் இதைப் படித்தால் இந்நேரம் கை துறுதுறுக்கும். நானும் அந்த நினைப்போடுதான் ஒரு விளாரைக் கையில் எடுத்தேன். வயர் நாம் சொன்னபடி கேட்கும். விளார் கேட்காது, தனக்கென்று ஒரு வளைவு வைத்துக்கொண்டிருக்கும். அந்த வளைவு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்து, அதற்கு இசைந்து கொடுத்துத்தான் காரியம் சாதிக்க வேண்டும். கூடை முடைவதற்கு இன்றுவரை யந்திரம் வராததற்கு இதுதான் காரணம் என்கிறார்கள். எந்த இரண்டு விளாரும் ஒன்று போல் இல்லை. யந்திரத்துக்கு அந்தப் பொறுமை ஏது?

கோபுரத்தைக் கொண்டுபோய் உடனே ஈர மண்ணில் ஊன்றக்கூடாது. அந்தத் தாயார் போன வருஷம் வந்தபோது அப்படிச் செய்துவிட்டாராம். ஏப்ரலில் எட்டுக் காலும் துளிர்த்துவிட்டன. அவரை ஏறுவதற்குள் கோபுரமே தோப்பாகி அவரையை விழுங்கிவிட்டது! சில வாரம் காயவிட்டுப் பிறகு நட்டால் இந்த ஆபத்தில்லை. சிலர் வேண்டுமென்றே பச்சையாக நட்டு, குறுக்கும் நெடுக்கும் பின்னி, உயிருள்ள வேலியாக வளர்க்கிறார்கள். நம் ஊர்க் கிளுவை வேலி நினைவுக்கு வரவில்லையா? காய்ந்த சாமான் மழையிலும் வெயிலிலும் மூன்று முதல் ஐந்து வருஷம் வரும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் இன்னும் கொஞ்சம் கூடும். பிறகு மக்கி மண்ணாகிவிடும். அதற்குள் கொல்லையில் புது விளார் தயாராக நிற்கும்.

சூப்பு குடிக்கிற நேரத்தில் அந்த அம்மாள் ஒரு விளாரின் பட்டையை உரித்து, "கடித்துப் பாருங்கள்" என்று எல்லோருக்கும் கொடுத்தார். வேப்பம்பட்டை தோற்றது, அப்படி ஒரு கசப்பு! எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார் இந்தக் கசப்பைக் கவனித்து, பட்டையைப் பொடியாக்கிக் குளிர்ஜுரக்காரர்கள் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிகிறது என்று 1763-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டையின் சத்தைத் துருவிக்கொண்டே போன ரஸாயன சாஸ்திரிகள் கடைசியில் வந்து சேர்ந்த இடம், 1899-ல் ஜெர்மனியில் கடைக்கு வந்த ஆஸ்பிரின் மருந்து. தலைவலிக்கு நாம் விழுங்கினோமே, அதற்குப் பூர்வீகம் இந்தக் குடும்பம்தான்.

கொட்டகைச் சுவரில் ஆணியடித்து ஒரு பழைய இரும்பு மாட்டியிருந்தது. இரண்டு கம்பியைக் கவட்டை மாதிரி நெருக்கி வைத்த கருவி. "பிரேக் என்று பெயர். என் தாயாருடையது" என்றார் அந்த அம்மாள்.

கூடைக்கு வெள்ளை விளார் வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும். குளிர்காலத்தில் வெட்டிய கட்டுகளைத் தேங்கின தண்ணீரில் நிறுத்தி வைத்து, வசந்தத்தில் மொட்டு விட்டு உயிர்ச்சாறு ஏறுகிற சமயம் பார்த்து, ஒவ்வொரு விளாராக இந்தக் கவட்டையில் செருகி இழுக்க வேண்டும். பட்டை சர்ரென்று உரிந்து வரும். இல்லாவிட்டால் கொதிகலத்தில் மணிக்கணக்கில் வேகவைத்து உரிக்க வேண்டும். அப்போது தோலின் சாயம் இறங்கி விளார் பொன் பழுப்பாகிவிடும். வெட்டுவதும் முடைவதும் ஆண்களுக்கு. உரிப்பது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று இந்த ஊரில் வழக்கம். நாள் கணக்குக் கிடையாது. கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. உரிக்கிற பருவத்தில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணமுடியாது. யந்திரம் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டது பிற்பாடுதான்.

"அம்மா பன்னிரண்டு வயதில் இதன் முன்னால் நின்றார். விரலெல்லாம் ஈரத்தில் ஊறி வெடித்திருக்கும். நான் பிறந்ததும் அவர் செய்த ஒரே சபதம், என் பெண் இந்தக் குச்சியைத் தொடக்கூடாது என்பதுதான். தொட்டால் அடி! என்னைப் படிக்கவைத்து வாத்தியார் வேலைக்கு அனுப்பியது அந்தச் சபதம்" என்றார்.

"பிறகு எப்படித் தொட்டீர்கள்?"

"ஓய்வு பெற்ற வருஷம் ஒரு கண்காட்சியில் விளையாட்டாக ஒரு வகுப்பில் உட்கார்ந்தேன். மறுநாள் இருபது துண்டு வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் ஊன்றினேன். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை."

சூப்புக் கிண்ணங்களை எடுக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

"முதல் வகுப்பு நடத்திய அன்று நாற்காலியைத் தூக்கிவந்து இதோ இந்த மூலையில் போடச் சொன்னார். போட்டேன். வந்தவர்களைப் பார்த்தார். 'இவர்களுக்கு நீ என்ன கூலி கொடுக்கிறாய்?' என்று கேட்டார். 'அம்மா, இவர்கள் எனக்குக் கொடுக்கிறார்கள்' என்றேன். 'காசு கொடுத்தா இதைச் செய்ய வந்திருக்கிறார்கள்?' என்று ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். சாயங்காலம் பார்க்கிறேன், ஒரு விளாரை எடுத்து அந்த இரும்பில் செருகி இழுக்கிறார். பருவம் தவறிய விளார், உரியக்கூடாது. அவர் கையில் ஒரே இழுப்பில் உரிந்தது. எனக்கு இன்றைக்கும் அப்படி வராது."

அந்தத் தாயார் காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

மத்தியானத்துக்கு மேல் விலைப் பேச்சு வந்தது. இந்த மாதிரி ஒரு கோபுரத்தை அந்த அம்மாள் சந்தையில் ஐம்பது பவுண்டுக்கு விற்கிறார். பெரிய கடைகளில் வெளிநாட்டிலிருந்து வருகிற கோபுரம் இருபதுக்குக் கிடைக்கிறது. "ஐம்பதா! குச்சிதானே?" என்று கேட்காதவர்கள் குறைவாம். "நான் பதில் சொல்வதில்லை. ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள் என்று சீட்டைக் கொடுத்துவிடுகிறேன். வந்துவிட்டுப் போனவர்கள் பேரம் பேசுவதில்லை" என்றார். நம் தெருவில் முறமும் கூடையும் தலையில் சுமந்து வருகிறவளிடம் ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கிற நம் வாய்சாலகம் எனக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். மேலே போவோம்.

"இதை எங்கள் ஊரில் வளர்க்கலாமா?" என்று கேட்டேன், உங்கள் சார்பில். குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்க வேண்டிய செடி இது. சென்னை வெயிலில் அதற்குத் தூக்கம் வராது. காஷ்மீரில் வளர்கிறது. அங்கே பிரானுக்குள் வைத்துக்கொள்கிற காங்கிடிக் கணப்புச் சட்டிக்கு வில்லோ விளாரில்தான் கூடு முடைகிறார்கள். நமக்கு அதற்காக ஏங்க வேண்டிய அவசியமில்லை. மூங்கிலும் பனையோலையும் ஒருபுறம் இருக்கட்டும். துவரை மிளாறிலும் நொச்சி விளாரிலும் கூடை முடைகிற கைகள் நம் கிராமங்களில் உண்டு. அவரைப் பந்தலுக்கு அந்தப் பின்னல் தாராளமாகப் போதும். இரண்டு காலுக்கு முன்னால், ஒரு காலுக்குப் பின்னால், கணக்கு ஒன்றுதான்.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியது. கோபுரங்களைக் காரில் ஏற்றுவது தனி வைபவம். வங்கிக்காரருடையது சாய்ந்திருந்ததால் பின்கதவு வழியாகச் சுலபமாக நுழைந்துவிட்டது. நேராக வந்தவர்கள்தான் திண்டாடினார்கள். போகிறபோது ஒவ்வொருவருக்கும் பத்துத் துண்டு வில்லோப் போத்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, ஜாதிப் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். செடி கொடிகளை நினைத்தபடி விமானத்தில் கொண்டுவர நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால் என் பங்கை நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் இந்தக் குளிர்காலம் முழுவதும் வாரத்துக்கு ஒரு நாள் வந்து அந்த அம்மாளுக்கு விளார் அறுத்துக் கொடுக்கிறாளாம். அம்மாளுக்கு விரல் மூட்டுகளில் வலி கண்டிருக்கிறது. கூடை முடைவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது.

"வடக்கு வரிசை இன்னும் பாக்கி. மொட்டு வெடிக்கிறதற்குள் அறுத்தாக வேண்டும். புதன்கிழமை வருகிறாயா?" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழை பெய்யாமல் இருந்தால்" என்றாள் அவள்.

"பெய்தாலும் வா. பூட்ஸ் இருக்கிறது" என்று சொல்லி, கொட்டகை விளக்கை அணைத்தார் அந்த அம்மாள்.